யுகத்தானில் நீங்களே கார் ஓட்டி மாயன் நகரங்களைப் பார்ப்பது எப்படி: 16 இரவுகளுக்கான முழு வழிகாட்டி

மெக்சிகோவின் தென்கிழக்கில் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது யுகத்தான் தீபகற்பம். அங்கே போகிறவர்களில் பெரும்பாலானோர் கான்குன் கடற்கரையில் தங்கிவிட்டு, ஒரே ஒரு நாள் டூர் பஸ்ஸில் சிச்சென் இட்சா என்ற பழைய மாயன் நகரத்துக்குப் போய், உச்சி வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார்கள். அதைவிட எவ்வளவோ நல்ல வழி இருக்கிறது. ஒரு சின்ன காரை வாடகைக்கு எடுத்து, யுகத்தான் மாநிலத் தலைநகரான மெரிதாவில் கிளம்பி மெரிதாவுக்கே திரும்புகிற மாதிரி ஒரு வட்டம் போடுங்கள். பக்கத்து இடங்களுக்குப் போய் வருவதையும் சேர்த்தால் சுமார் 1,600 கிலோமீட்டர் வரும். 16 இரவுகள் இருந்தால் அவசரமே இல்லாமல் முடிக்கலாம்.

திட்டம் போடும்போது நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் விதி ஒன்றுதான்: ஒரு நாளைக்கு ஒரு பழைய நகரம், அதுவும் காலையில், அதற்குப் பக்கத்திலேயே முந்தின இரவு தூங்கி எழுந்து. கீழே வருகிற மற்றதெல்லாம் இந்த விதியிலிருந்து கிளைத்ததுதான்.

எப்போது போவது

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை. வெயில் தாங்கக்கூடியதாக இருக்கும், மழையும் குறைவு. ஏப்ரல், மே மாதங்களில் 40 டிகிரியைத் தொடும், காட்டுக்குள் காற்றே அசையாது. ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தையும் ஈஸ்டருக்கு முந்தைய வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள், அப்போது மெக்சிகோ மக்களே குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள்.

கிழமையும் முக்கியம். ஞாயிற்றுக்கிழமைகளில் தொல்லியல் இடங்களுக்கு மெக்சிகோ குடிமக்களுக்கு இலவச அனுமதி உண்டு என்பதால் பெரிய இடங்களில் கூட்டம் நெரியும். ஞாயிறு அன்று மெரிதா மாதிரி ஏதாவது ஊரில் இருங்கள். அருங்காட்சியகங்கள் பல திங்கட்கிழமை மூடியிருக்கும்.

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு மெக்சிகோ விசா தேவை. ஆனால் செல்லுபடியாகும் அமெரிக்க, கனடா, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் விசா கையில் இருந்தால் சுற்றுலாவுக்குத் தனியாக மெக்சிகோ விசா வேண்டாம். டிக்கெட் போடுவதற்கு முன் தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்துப் போங்கள், வழியில் நிறுத்தும் போலீஸ்காரரிடம் பேச்சு சீக்கிரம் முடியும்.

கார் எடுப்பது

மெரிதாவில் இறங்கிய நாளே காரை எடுக்காதீர்கள். முதல் மூன்று இரவு மெரிதாவில் நடந்தே சுற்றலாம். கார் இருந்தால் அதை நிறுத்த இடம் தேடுவதுதான் வேலையாகிவிடும். ஊரை விட்டுக் கிளம்புகிற காலையில் எடுத்தால் மூன்று நாள் வாடகையும் மிச்சம்.

பெரிய வண்டி வேண்டாம், சின்ன செடான் போதும். இந்த வழி முழுக்கத் தார்ச்சாலைதான். டிக்கி மூடியதாக இருப்பது நல்லது, பெட்டிகள் வெளியே தெரியக்கூடாது.

இன்சூரன்ஸ்தான் பலர் மாட்டிக்கொள்கிற இடம். இணையத்தில் ஒரு நாளுக்கு நம்ப முடியாத அளவுக்கு மலிவான விலை காட்டும். ஆனால் மெக்சிகோவில் மூன்றாம் நபருக்கான இன்சூரன்ஸ் கட்டாயம், பல நேரம் அது அந்த விலையில் சேர்ந்திருக்காது. கவுண்டரில் போய் நின்றதும் அதைச் சேர்ப்பார்கள், மொத்தம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகிவிடும். எனக்கே ஒரு முறை அப்படி ஆகி, அரை மணி நேரம் வாதாடி, கடைசியில் கட்டிவிட்டுத்தான் வந்தேன். அதிலிருந்து எல்லா இன்சூரன்ஸும் உள்ளடங்கிய விலை என்று எழுத்தில் இருந்தால் மட்டுமே புக் செய்கிறேன். வண்டியை எடுக்கும்போது நாலு பக்கமும், கூரையும், கண்ணாடியும் தெரிகிற மாதிரி ஒரு வீடியோ எடுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கலாக்முல் என்ற பழைய நகரத்துக்குப் போகிற காட்டுப்பாதையில் பஞ்சர் ஆனால் உதவிக்குக் கூப்பிட போன் சிக்னல்கூட இருக்காது.

சாலையில் தெரிந்திருக்க வேண்டியவை

வண்டி வலது பக்கம் ஓடும், ஸ்டியரிங் இடது பக்கம். நம் ஊரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு முதல் நாள் கஷ்டம் திருப்பங்களில்தான், நேர்ச்சாலையில் இல்லை. அதனால் முதல் நாள் பயணத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள்: மெரிதாவிலிருந்து உஷ்மல் என்ற மாயன் நகரத்துக்கு 80 கிலோமீட்டர், அவ்வளவுதான்.

தோப்பே என்ற சொல்லை மனப்பாடம் செய்யுங்கள். வேகத்தடைக்கு அங்கே அதுதான் பெயர். ஒவ்வொரு கிராமத்தின் நுழைவிலும், பள்ளிக்கூடத்தின் முன்னாலும், சர்ச்சின் முன்னாலும், சில நேரம் காரணமே தெரியாத இடத்திலும் இருக்கும், எல்லாவற்றுக்கும் பலகை இருக்காது, பெயின்டும் அழிந்துபோயிருக்கும், வண்டியின் அடி தட்டும் அளவுக்கு உயரமானவையும் உண்டு. கிராமத்து வீடுகள் கண்ணில் பட்டதுமே வேகத்தைக் குறைத்துவிடுவதுதான் ஒரே வழி.

இருட்டிய பிறகு ஊர்களுக்கு நடுவே ஓட்டாதீர்கள். விளக்கில்லாத தோப்பே, விளக்கில்லாத சைக்கிள், சாலையில் படுத்திருக்கும் நாய், மாடு என்று எதுவும் கிட்டே போகும்வரை தெரியாது. நான்கு மணிக்குள் அடுத்த ஊரில் இருக்கிற மாதிரி நாளைப் பிரித்துக்கொண்டால் இந்தக் கவலையே வராது.

சாலைகளில் இரண்டு வகை. குவோத்தா என்றால் டோல் சாலை, லிப்ரே என்றால் இலவசச் சாலை. மெரிதாவையும் கான்குனையும் இணைக்கும் டோல் சாலை வேகமானது, ஆனால் இரண்டு பக்கமும் காடு தவிர ஒன்றும் தெரியாது, பெட்ரோல் பங்கும் அரிது. லிப்ரேயில் போனால் கிராமம் கிராமமாக நின்று நின்று போகலாம். நிதானமான பயணத்துக்கு எப்போதும் லிப்ரேதான் என் தேர்வு.

முன்னால் போகும் லாரி இடது இண்டிகேட்டர் போட்டால் இரண்டு அர்த்தம் உண்டு: ‘முந்திக்கொள், வழி இருக்கிறது’ அல்லது ‘நான் இடது பக்கம் திரும்பப் போகிறேன்’. எது என்று உறுதியாகத் தெரியும்வரை முந்தாதீர்கள்.

பெட்ரோல் பங்கில் நீங்கள் இறங்க வேண்டாம், ஆள் வந்து போடுவார். மீட்டர் பூஜ்யத்தில் தொடங்குகிறதா என்று பாருங்கள், ‘யேனோ, போர் ஃபவோர்’ என்றால் டேங்க்கை நிரப்புவார், சில பெசோ டிப்ஸ் கொடுப்பது வழக்கம். பாதி டேங்க் ஆனதும் நிரப்புங்கள், தெற்கே போகப் போக பங்குகளுக்கு நடுவே தூரம் அதிகம். ராணுவ சோதனைச் சாவடிகள் வரும். கண்ணாடியை இறக்கி, வணக்கம் சொல்லி, எங்கிருந்து எங்கே போகிறோம் என்று சொன்னால் பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.

அப்புறம் நேரம். கிந்தானா ரோ மாநிலம், அதாவது கான்குன், துலும், பக்கலார் எல்லாம், யுகத்தான், கம்பேச்சே மாநிலங்களைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. எல்லைக்கருகில் போன் தானாக மாறி மாறிக் காட்டும். ஹோட்டலில் சுவர்க் கடிகாரத்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மெரிதா: 3 இரவு

ஸ்பானியர் 1542-ல் திஹோ என்ற மாயன் நகரத்தின் மேல் கட்டிய ஊர் இது. நடுச் சதுக்கத்தில் நிற்கும் கதீட்ரலுக்கு மாயன் கட்டடங்களின் கற்களையே எடுத்தார்கள். அதே சதுக்கத்தின் தெற்குப் பக்கம், ஊரை நிறுவிய ஸ்பானியர் மொந்தேஹோ வீட்டின் முகப்பில், வெற்றிபெற்ற சிப்பாய்கள் தலைகளை மிதித்து நிற்கிற சிற்பத்தைப் பாருங்கள். அடுத்த இரண்டு வாரம் நீங்கள் பார்க்கப்போகிற ஒவ்வொரு ஊரின் கதையும் அந்தச் சுவரில் இருக்கிறது.

தெருக்களுக்குப் பெயர் இல்லை, எண்தான். இரட்டைப்படை எண்கள் வடக்கு தெற்காக, ஒற்றைப்படை எண்கள் கிழக்கு மேற்காக. முகவரியை ‘60-ம் தெரு, 57-க்கும் 59-க்கும் நடுவே’ என்பார்கள். ஒரு நாளில் பழகிவிடும்.

சாந்தா எலேனா: 2 இரவு (உஷ்மல், பூக் மலைவழி, மனி)

இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன். உஷ்மலில் 8 மணிக்குக் கதவு திறக்கும்போது நில்லுங்கள். பலகையில் Uxmal என்று இருக்கும், ‘x’ எழுத்தை மாயன் மொழியில் ‘ஷ்’ என்று உச்சரிக்க வேண்டும். முதலில் கண்ணில் படுவது சுமார் 35 மீட்டர் உயரமுள்ள மந்திரவாதியின் பிரமிடு, மூலைகள் வட்டமாக வளைந்த அடிப்பகுதியோடு, வேறெங்கும் பார்க்காத வடிவத்தில். குள்ளன் ஒருவன் ஒரே இரவில் கட்டினான் என்பது உள்ளூர்க் கதை. அதற்குப் பின்னால் நாலு பக்கமும் கட்டடம் சூழ்ந்த முற்றம், அதைத் தாண்டி உயரமான மேடையில் ஆளுநர் மாளிகை. ஆயிரக்கணக்கான கற்களைத் தனித்தனியாகச் செதுக்கி, பிறகு சேர்த்து அடுக்கிய மொசைக் அது. கிட்டே போய் ஒரு முகத்தை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள்.

அந்த முகம் பெரும்பாலும் சாக் என்ற மழைக்கடவுள், சுருண்ட நீண்ட மூக்கோடு. ஏன் இத்தனை சாக்? யுகத்தானின் வடக்கே நிலத்தின் மேல் ஆறே கிடையாது, எல்லாம் சுண்ணாம்புக்கல், மழைநீர் கீழே இறங்கிவிடும். மற்ற இடங்களில் பாறை உடைந்து உருவான செனோத்தே என்ற இயற்கைக் கிணறுகள் கைகொடுத்தன. இந்தப் பூக் மலைப்பகுதியில் நீர் மிக ஆழத்தில் இருக்கிறது, செனோத்தேயும் இல்லை. தரையைத் தோண்டி, சுண்ணாம்பு பூசி, சுல்தூன் என்ற தொட்டிகளில் மழைநீரைச் சேர்த்துத்தான் ஒரு நகரமே வாழ்ந்தது. இது தெரிந்த பிறகு கபாவில் ஒரே சுவரில் இருக்கும் சுமார் 250 சாக் முகங்களைப் பாருங்கள், வெறும் அலங்காரமாகத் தெரியாது.

இரண்டாம் நாள் கபா, சாயில், லப்னா மூன்றையும் பார்க்கலாம். ஒரு நாளுக்கு ஒன்று என்ற விதிக்கு இது விலக்கு, மூன்றும் சின்ன இடங்கள், ஒன்றுக்கொன்று சில கிலோமீட்டர்தான். லப்னாவின் வளைவு வாசலில் பெரும்பாலும் நீங்களும் பறவைகளும் மட்டும்தான் இருப்பீர்கள்.

மதியம் ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே ஒஷ்குட்ஸ்கப் வழியாக மனிக்குப் போங்கள். அமைதியான கிராமம், பெரிய மடம். அந்த மடத்தின் முன்னால்தான் 1562 ஜூலையில் தியேகோ தெ லாந்தா என்ற பிரான்சிஸ்கன் துறவி மாயன் மக்களின் ஓலைகளுக்கு ஒப்பான புத்தகங்களையும் சிலைகளையும் குவித்துத் தீயிட்டார். ஒரு நாகரிகம் பல நூற்றாண்டாக எழுதிவைத்ததில் இன்று மிஞ்சியிருப்பது நான்கே நான்கு சுவடிகள். அதே லாந்தா பிற்பாடு எழுதிய குறிப்பில் மாயன் ‘எழுத்துகள்’ என்று ஒரு பட்டியலை விட்டுப்போனார். அதைச் சாவியாகக் கொண்டுதான் 1952-ல் சோவியத் அறிஞர் யூரி க்னோரொசோவ் மாயன் எழுத்தைப் படிக்கும் வழியைத் திறந்தார். மனியின் அந்தப் புல்வெளியில் உட்கார்ந்து இதை நினைத்துப் பார்த்தபோது என்னால் சீக்கிரம் எழுந்துவர முடியவில்லை.

கம்பேச்சே: 2 இரவு

தெற்கே 261-ம் சாலையில் ஒப்பெல்சென் வழியாக வாருங்கள், வழியில் எட்ஸ்னா என்ற மாயன் நகரத்துக்குத் திரும்புங்கள். ஐந்து அடுக்கு மாளிகை, பெரிய சதுக்கம், கூட்டம் கிடையாது. கம்பேச்சே கடற்கொள்ளையர்களால் திரும்பத் திரும்பச் சூறையாடப்பட்ட துறைமுகம். 1685-ல் நடந்த கொடூரமான தாக்குதலுக்குப் பிறகுதான் ஊரைச் சுற்றி முழு மதில் எழுப்பினார்கள். வெளிர் நிற வீடுகள், மாலையில் கடற்கரைச் சாலையில் நடை, ஒரு நாள் முழுக்க ஒன்றும் செய்யாமல் இருக்க ஏற்ற ஊர். சான் மிகெல் கோட்டையிலுள்ள அருங்காட்சியகத்தை மட்டும் தவறவிடாதீர்கள். கலாக்முல் கல்லறைகளில் கிடைத்த பச்சைக்கல் முகமூடிகள் அங்கே இருக்கின்றன, அடுத்து அந்த நகரத்துக்கே போகிறோம்.

இஷ்புஹில்: 2 இரவு (கலாக்முல்)

கம்பேச்சேயிலிருந்து எஸ்கார்செகா 150 கிலோமீட்டர், அங்கிருந்து இன்னும் 150. இதுதான் பயணத்தின் நீளமான நாள். எஸ்கார்செகாவில் டேங்க்கை நிரப்புங்கள்.

மறுநாள் விடியலில் கிளம்பி, 186-ம் சாலையில் கொன்வாஸ் அருகே தெற்கே திரும்பினால் காட்டுக்குள் 60 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மெதுவாகப் போவதே நல்லது, காட்டு வான்கோழிகள் சாலையில் நடந்துபோகும், நீல இறகில் கண் கண்ணாகப் புள்ளி. கட்டணம் மூன்று இடங்களில் மூன்று பேருக்கு: கிராமச் சமூகத்துக்கு, காப்புக்காட்டுக்கு, தொல்லியல் துறைக்கு. சில்லறையாகப் பெசோ வைத்திருங்கள். தண்ணீர், சாப்பாடு, கொசு மருந்து எல்லாம் கையோடு. மேப்பை முந்தின இரவே போனில் இறக்கிவிடுங்கள்.

பாம்பு அரசு என்று அழைக்கப்பட்ட கான் வம்சத்தின் தலைநகரம் இது, குவாதமாலாவிலுள்ள திக்கால் என்ற மாயன் நகரத்தோடு பல தலைமுறை போரிட்ட நகரம். 6,000-க்கும் மேற்பட்ட கட்டடங்களை அடையாளம் கண்டிருக்கிறார்கள். 1931-ல் சைரஸ் லண்டெல் என்ற தாவரவியலாளர் விமானத்திலிருந்து கண்டு சொல்லும்வரை வெளியுலகுக்குத் தெரியாது. பெரிய பிரமிடு சுமார் 45 மீட்டர். எந்தப் பிரமிடில் ஏற விடுகிறார்கள் என்பது மாறிக்கொண்டே இருக்கும் விஷயம், வாசலில் கேளுங்கள். ஏற முடிந்தால், மேலே நின்று பார்க்கும்போது அடிவானம் வரை மரத்தலைகள் மட்டும், அவற்றுக்கு மேலே எட்டிப் பார்க்கும் ஒன்றிரண்டு கல் உச்சிகள். அதிகாலையில் ஊளைக் குரங்கின் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள், சத்தம்தான் சிறுத்தை மாதிரி.

திரும்பி வந்தபின் நேரமிருந்தால் அகழி சூழ்ந்த பெகான் என்ற பழைய நகரம், இல்லாவிட்டால் மறுநாள் கிளம்பும்போது.

பக்கலார்: 2 இரவு

ஓய்வு. நீண்ட நன்னீர்க் கடற்கழி, ஆழத்துக்கேற்ப நீலம் மாறும். கரையோரம் பாறை மாதிரி தெரிவது நுண்ணுயிர்கள் மிக மெதுவாகக் கட்டியது, உயிருள்ளது, அதன் மேல் ஏறாதீர்கள், சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டு இறங்காதீர்கள். 1733-ல் முடிந்த சின்னக் கோட்டையைப் பார்க்க அரை மணி போதும்.

வயாதோலித்: 3 இரவு

பக்கலாரிலிருந்து இங்கே வருகிற சாலையே ஒரு வரலாற்றுப் பாடம். வழியிலுள்ள ஃபெலிப்பே கர்ரில்யோ புவெர்தோதான், 1847-ல் வெடித்த மாயன் எழுச்சியில் போராளிகளின் தலைநகரமாக இருந்த சான் சாந்தா க்ரூஸ். அந்தப் போர் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. இன்னும் வடக்கே திஹோசுக்கோவில் முகப்பு உடைந்த சர்ச் அப்படியே நிற்கிறது, இன்றும் உள்ளே பூசை நடக்கிறது. இங்கெல்லாம் மக்கள் வீட்டில் பேசுவது மாயன் மொழி. ‘மாலோப்’ என்றால் நல்லது, ‘தியோஸ் போத்திக்’ என்றால் நன்றி. இந்த இரண்டைச் சொன்னாலே கடைக்காரம்மாவின் முகம் மலரும். மாயன்கள் மறைந்துபோனார்கள் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள்.

வயாதோலித்திலிருந்து சிச்சென் இட்சாவுக்கு முக்கால் மணி நேரம். 8 மணிக்கு முன்னால் வாசலில் இருங்கள், கான்குன் பஸ்கள் 10 மணிக்கு மேல்தான் வரத் தொடங்கும். நடுவில் நிற்கும் பெரிய பிரமிடின் நாலு பக்கமும் பக்கத்துக்கு 91 படிகள், மேல்மேடை ஒன்று, மொத்தம் 365. பிரமிடில் ஏற அனுமதி இல்லை. பந்தாட்ட மைதானத்தின் நீளம் 168 மீட்டர், அதன் சுவரோரச் சிற்பங்களை முதலில் பாருங்கள், வெயில் ஏறினால் நின்று பார்ப்பது கஷ்டம். இங்கேயும் உஷ்மலிலும் மத்திய, மாநில அரசுகளுக்கு இரண்டு டிக்கெட்.

இன்னொரு காலை எக் பலாமுக்கு. கறுப்பு ஜாகுவார் (அமெரிக்கக் காட்டுப் புலியினம்) என்று பொருள். உகித் கான் லெக் தோக் என்ற அரசனின் கல்லறை வாசல், பற்கள் நிறைந்த அசுர வாய் வடிவில், வெள்ளைச் சுதையில் அப்படியே இருக்கிறது. சிச்செனைவிட இதுதான் என் மனதில் தங்கியது.

மதியங்களில் செனோத்தேயில் குளியுங்கள். ஊர் நடுவிலேயே சகி என்ற செனோத்தே இருக்கிறது.

சாப்பாடு

பன்றி இறைச்சியை வாழையிலையில் சுற்றி மண்ணடுப்பில் வேகவைக்கும் கொச்சினீத்தா பிபில் இந்த ஊரின் பெருமை, அதைக் காலையில்தான் சாப்பிடுவார்கள். சைவம் என்றால் ‘சின் கார்னே, சின் மந்தேகா’ என்று சொல்லுங்கள், இறைச்சியும் வேண்டாம், பன்றிக் கொழுப்பும் வேண்டாம் என்று பொருள், ஏனென்றால் பீன்ஸைக் கொழுப்பில்தான் தாளிப்பார்கள். பூசணி விதையை வறுத்து அரைக்கும் சிகில் பாக் நம் துவையலுக்குப் பக்கத்தில் வரும், முட்டை சாப்பிடுபவர்களுக்குப் பப்பாட்சூல். மேசையில் இருக்கும் ஹபனேரோ மிளகாய்ச் சாறை மட்டும் துளியாகத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள், காரம் பழகிய நாக்குக்கும் அது வேறு காரம்.

இசமல்: 1 இரவு, பிறகு மெரிதா

கடைசி நிறுத்தம் இசமல், ஊர் முழுக்க மஞ்சள் வண்ணம். பெரிய மாயன் மேடையை இடித்து, அதன் மேலேயே கட்டிய மடம், சுற்றிலும் 75 வளைவுகள். கட்டவைத்தவர் அதே தியேகோ தெ லாந்தா. அவருக்குச் சிலையும் இருக்கிறது. சில தெரு தள்ளி, வீடுகளுக்கு நடுவே, கினிச் கக்மோ பிரமிடு. மாலை ஐந்து மணிக்கு முன் அதன் உச்சிக்குப் போனால் மடமும் ஊரும் ஒரே பார்வையில் தெரியும்.

மெரிதாவுக்கு 70 கிலோமீட்டர்தான். காலையில் கிளம்பி, ஊர் எல்லையில் டேங்க்கை நிரப்பி, ரசீதை வைத்துக்கொண்டு, காரை மதியத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். எடுக்கும்போது எடுத்த வீடியோவைக் கையில் வைத்திருங்கள், திருப்பிக் கொடுக்கும்போதும் இன்னொன்று எடுங்கள். விமானம் மறுநாள் இருக்கட்டும், அன்று சாயங்காலம் 60-ம் தெருவில் இன்னொரு முறை நடக்கலாம்.